யூனிஸ் மேடம் கட்டிவெச்ச பக்கம்

சபைப் பத்திரிகையில யூனிஸ் மேடம் போட்டோ போட்டு நாலு வரி எழுதியிருந்தாங்க. "நம் சபையின் பழம் பதிவேடுகளைக் கண்மணிபோல் காத்த சகோதரி." படிச்சதும் பத்திரிகையை மூலையில வீசிட்டேன். எழுதினது யாருன்னு தெரியும். கல்லறைக் கமிட்டி செக்ரெட்டரி டிரேவர். அந்த ஆளு எழுத்து எப்பவும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். மேடம் காத்தாங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க எதைக் காத்தாங்க, எதைக் கெடுத்தாங்கன்னு பக்கத்துல நின்னு பார்த்தவன் நான். அதைச் சொல்லாம விட்டா எனக்குச் சோறு இறங்காது.

என் பேரு வெங்கடசாமி. வீடு ஒக்கலிபுரம். இருபத்தாறு வருஷம் அந்த ரெக்கார்டு ரூம்ல அட்டெண்டர் வேலை. நான் இந்து. சபைன்னா என்ன, நற்கருணைன்னா என்னன்னு ஒண்ணும் தெரியாமத்தான் போய்ச் சேர்ந்தேன். பாதிரியாரை இவங்க "ஐயர்"னு கூப்பிடுவாங்க. முதல் வாரம் "ஐயர் வர்றார், டீ கொண்டா"ன்னாங்க. நான் குடுமியைத் தேடிக்கினு நின்னேன். மேடம் சிரிச்ச சிரிப்பு இருக்கே! அப்படி வாய்விட்டு அவங்க சிரிச்சு நான் பார்த்தது மொத்தமா நாலஞ்சு தடவை இருக்கும்.

சபை சின்னது. நூத்தம்பது வருஷம் முன்னால வெள்ளைக்காரன் மிஷன் ஒண்ணு ஆரம்பிச்சது. கண்டோன்மெண்ட்டுல வேலை பார்க்க வந்த தமிழ் ஜனம்தான் முக்காவாசி. சர்ச்சுக்குப் பின்னால பழைய பங்களா, அதுல கீழ் ரூம். ஞானஸ்நானப் புத்தகம், கல்யாணப் புத்தகம், அடக்கப் புத்தகம், மெம்பர் லிஸ்ட்டு, கமிட்டி மினிட்ஸ்னு அலமாரி அலமாரியா இருக்கும். யாராவது பர்த் சர்ட்டிபிகேட்டுக்கு வருவாங்க. யாராவது லண்டன்ல இருந்து தாத்தன் பேரைத் தேடிக்கினு வருவாங்க. மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டு, வருஷத்தைக் கேட்டாங்கன்னா போதும். எந்தப் பீரோ, எந்தத் தட்டுன்னு உட்கார்ந்த இடத்துலயே சொல்லுவாங்க. கல்யாணம் பண்ணிக்கல. அம்மா அப்பா போனதுக்கப்புறம் அந்த ரூமுதான் அவங்களுக்கு எல்லாம்.

அந்தப் புத்தகங்கள்ல ஒண்ணு மட்டும் சனியன் பிடிச்சது. ஒழுங்கு நடவடிக்கைப் புத்தகம். டிசிப்ளின் புக்குன்னுவாங்க. அந்தக் காலத்துல சபையில எவன் குடிச்சான், எவன் கோயிலுக்குப் போயி பொங்கல் வெச்சான், எவ யார்கூட ஓடினான்னு மூப்பருங்கன்னு சபைப் பெரியவங்க உட்கார்ந்து விசாரிச்சு, பேரு ஊரோட எழுதி, நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாதுன்னு தள்ளி வெச்சிருக்காங்க. எழுதினவங்களும் செத்துட்டாங்க, தள்ளப்பட்டவங்களும் செத்துட்டாங்க. எழுத்து மட்டும் நேத்து எழுதின மாதிரி கருப்பா நிக்கும்.

தொண்ணூத்தெட்டுல ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. பொண்ணு வீட்டுப் பரம்பரை பார்க்கணும்னாங்க. ஞானஸ்நானப் புத்தகத்தோட அந்தச் சனியனையும் கேட்டு வாங்கிப் புரட்டினாங்க. பொண்ணோட கொள்ளுப்பாட்டனைப் பத்தி ரெண்டு வரி, கேட்கக் கூடாத வரி. கல்யாணம் நின்னுபோச்சு. அந்தப் பொண்ணு எதையோ குடிச்சு, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து பிழைச்சா. மேடம் போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. மூணாம் நாள் என்னை அனுப்பி ஒரு பந்து வெள்ளை நாடா வாங்கிக்கினு வரச் சொன்னாங்க.

அன்னையிலிருந்து ஆரம்பிச்சது. அந்தப் புத்தகத்தை எடுத்துக்கினு உட்காருவாங்க. ஒரு பக்கத்துல மேல கொஞ்சம் படிப்பாங்க. முகம் சுருங்கும். முன்னால இருக்கற தாளையும் பின்னால இருக்கற தாளையும் சேர்த்து, அந்தப் பக்கம் நடுவுல வர்ற மாதிரி பிடிச்சு, நாடாவைச் சுத்திக் குறுக்கால ஒரு முடிச்சு. இப்படி ஒரு மாசத்துல அம்பது அறுபது பக்கம் கட்டிட்டாங்க. கிழிக்க மாட்டாங்க, கிழிச்சா பாவம். அழிக்க மாட்டாங்க. கட்டி வைப்பாங்க.

"எதுக்கு மேடம் இந்த வேலை? பூட்டி வெச்சிட்டா முடிஞ்சுது"ன்னேன்.

"பூட்டினா சாவி கேட்பாங்க, வெங்கடசாமி. கட்டியிருந்தா வெட்கப்பட்டு விட்டுடுவாங்க"ன்னாங்க.

நல்ல மனசுதான். நானும் நாடா வெட்டிக் குடுத்தேன். அதனால எனக்கும் இதுல பங்கு இருக்கு, இப்பவே சொல்லிடறேன்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. ஏற்கெனவே இருக்கற குடும்பக் கல்லறையைத் திறந்துதான் அடுத்த ஆளை வைக்கணும். அதுக்கு ஏகப்பட்ட லஃப்டா, தகராறு. எவனோ ஒருத்தன் பொய்யா லெட்டர் தயார் பண்ணிக்கினு வந்து, யார் வீட்டுக் கல்லறையிலயோ அவன் மாமியாரை வெச்சிட்டான். அந்த லெட்டர் டூப்புன்னு கண்டுபிடிச்சது மேடம்தான். கமிட்டிக்கு அவங்களே எழுதிக் குடுத்தாங்க. இனிமே லெட்டர், சாட்சி, சத்தியம் எதுவும் வேண்டாம். செத்தவங்க பேரு மெம்பர் லிஸ்ட்டுல இருக்கணும். சபைப் புத்தகத்துல இல்லாதது நடக்கவே இல்லைன்னு வெச்சுக்கங்க. கமிட்டி அதையே ரூல் ஆக்கிடுச்சு. டிரேவர் அதை ஃபிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டினார்.

அப்புறம் ஸ்கேன் பண்ற கும்பல் வந்தது. ஏதோ ஃபாரின் காலேஜு உதவி. ஸ்ரீஹர்ஷான்னு ஒரு தம்பி, கன்னடக்காரர், தங்கமான ஆளு. பழைய புத்தகத்தையெல்லாம் ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தினார். டிசிப்ளின் புக்கு வந்ததும், "மேடம், ஈ பேஜஸ் பிச்சலா? அவிழ்க்கலாமா?"ன்னு கேட்டார்.

"வேண்டாம் தம்பி. அதுல வெறும் அசிங்கம்தான். நூறு வருஷம் போகட்டும், அப்புறம் அவிழ்க்கட்டும்."

அவர் கட்டினபடியே விட்டுட்டார். அதுக்கு அடுத்த வருஷம் அந்தப் பேய் மழை. ஊரே முழுகிச்சே, அதுல. ராத்திரி பெஞ்ச மழைக்குக் காலையில போய்க் கதவைத் திறந்தா, முட்டிக்கால் தண்ணி. கீழ்த் தட்டுப் புத்தகமெல்லாம் ஊறிக் கலீஜாகிக் கிடந்துச்சு. மேடம் செருப்போட இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கினு, குழந்தையை எடுக்கற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தாங்க. மொட்டை மாடியில ஃபேன் போட்டு ஒரு மாசம் காய வெச்சோம். மத்ததெல்லாம் ஒரு மாதிரி பிரிஞ்சு வந்துச்சு. ஸ்கேனும் இருந்துச்சு, பரவாயில்ல. டிசிப்ளின் புக்குல கட்டின பக்கங்க மட்டும் உள்ள ஈரம் நின்னு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, செங்கல் மாதிரி ஆயிடுச்சு. மேடம் அதை மஸ்லின் துணியில சுத்தி மேல் தட்டுல வெச்சாங்க. "யாருக்கும் வேணாம், விடுங்க"ன்னாங்க.

வேணும்னு ஒருத்தி வந்தா. அடுத்த வருஷம், மார்ச்சு மாசம். பேரு சொர்ணம். மர்பி டவுன்ல வீடு, கார்மெண்ட்ஸ்ல முப்பது வருஷம் தைச்சு ரிட்டயர் ஆனவ. அறுபது வயசு. கையில ஆஸ்பத்திரி பைலு.

"எங்கம்மா மேபல் கனகம். பக்கவாதம். டாக்டர் இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டார்"னா. "எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது மேடம், வாய் போறதுக்கு முன்னால. என்னை எரிச்சிடாதே, எங்கப்பா கல்லறையில வைன்னு. கமிட்டியில கேட்டா, உங்ககிட்ட இருந்து பேப்பர் வேணும்ன்றாங்க."

மேடம் கம்ப்யூட்டர்ல மெம்பர் லிஸ்ட்டைத் தேடி எடுத்தாங்க. பேரு இருந்துச்சு. ஆனா பேரு மேல சிவப்பு மசியில ஒரு கோடு. பக்கத்துல சின்னதா, "விலக்கப்பட்டாள், 1961. ஒ.ந. புத்தகம், பக்கம் 112 காண்க." ஒ.ந.ன்னா அந்த ஒழுங்கு நடவடிக்கைப் புத்தகம்தான்.

சொர்ணத்துக்கு ஆச்சரியமே இல்ல. "தெரியும் மேடம். எங்கப்பா உத்தமன் இந்து. கோயில்ல தாலி கட்டிக்கினாங்க. அதுக்குத் தள்ளி வெச்சாங்க. ஆனா எழுபத்துநாலுல திரும்பச் சேர்த்துக்கினாங்க. எங்க தாத்தா சாகக் கிடந்தார். பொண்ணோட ஒரு தடவை நற்கருணை எடுத்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்னு அடம். எங்கம்மா சபை முன்னால தனியா நின்னு மன்னிப்பு கேட்டுது. எனக்குப் பதினோரு வயசு, கடைசி பெஞ்சில உட்கார்ந்து பார்த்தேன். ஐயர் பெரிய புக்கைக் கொண்டாந்து, தள்ளி வெச்ச அதே பக்கத்துலதான் சேர்த்துக்கினோம்னு எழுதினார். எங்கம்மா கீழ கையெழுத்துப் போட்டுது. தாத்தா எங்கம்மா கையைப் பிடிச்சிக்கினு, நீயும் எங்கிட்டயே வந்து சேருன்னார். அப்புறம் நாங்க அத்திபெலேக்குப் போயிட்டோம். அங்க இந்த சபை கிடையாது. அதனால லிஸ்ட்டுல திரும்ப ஏத்தல போல. ஆனா அந்தப் பக்கத்துல இருக்கும் மேடம். நூத்திப் பன்னிரண்டுல."

நான் மேடம் முகத்தைப் பார்த்தேன். அவங்க அந்தப் புத்தகத்தோட ஸ்கேனைத் திறந்தாங்க. ஸ்கேன்ல நூத்தி ஒன்பதுக்கு அப்புறம் நேரா நூத்திப் பதினாலு. நடுவுல வெள்ளை நாடாவோட முடிச்சு மட்டும் போட்டோவுல தெரியுது.

"வெங்கடசாமி, அந்தத் துணி மூட்டையை எடுங்க"ன்னாங்க.

மூணு மணி நேரம் ஆச்சு. மேடம் மெல்லிசான எலும்புக் கத்தியை விட்டு, மூச்சைப் பிடிச்சிக்கினு, மயிரிழை மயிரிழையா நகர்த்தினாங்க. சொர்ணம் எதிர்ல உட்கார்ந்து நகத்தைக் கடிச்சிக்கினு இருந்தா. நான் எங்க சாமி எல்லாத்தையும் கூப்பிட்டேன், அவங்க சாமியையும் சேர்த்து. கடைசியில பக்கம் திறந்துச்சு, ஓரம் மட்டும் பொடியாக் கொட்டிச்சு.

மேல அறுபத்தொண்ணுல எழுதினது. கருப்பு மசி. தண்ணிக்கு அசையவே இல்ல. ஒரு எழுத்து கெடல. சொர்ணம் குனிஞ்சு சத்தமா படிச்சா.

"மேற்படி மேபல் கனகம், அஞ்ஞானியான உத்தமன் என்பவனோடு விவாகமின்றி வேசித்தனமாய்க் குடியிருக்கிறாளென்று மூப்பரால் கண்டறியப்பட்டு, திருவிருந்தினின்றும் சபையினின்றும் விலக்கப்பட்டாள்."

அவ அந்த ஒரு வார்த்தையில நின்னுட்டா. திரும்ப ஒரு தடவை வாய்க்குள்ள படிச்சா. "இப்படியா எழுதினாங்க எங்கம்மாவை?"ன்னா. அறுபது வருஷமா அவ கண்ணுல படாம இருந்த எழுத்து. எதைக் காட்டக் கூடாதுன்னு மேடம் நாடா கட்டினாங்களோ, அது அச்சு அசலா அவ கண்ணு முன்னால நிக்குது.

கீழப் பாதியைப் பார்த்தோம். நீல மசி. எழுபத்துநாலுல பவுண்டன் பேனாவுல எழுதியிருக்கணும். மொத்தமும் கரைஞ்சு பரவி, சட்டைக்குப் போடற நீலம் கொட்டின மாதிரி கறை. வரி இல்ல, எழுத்து இல்ல, கையெழுத்தும் இல்ல. லைட்டுல பிடிச்சுப் பார்த்தோம், லென்ஸ் வெச்சுப் பார்த்தோம், ஸ்ரீஹர்ஷாவைப் போன்ல கூப்பிட்டு அவர் சொன்னதையெல்லாம் செஞ்சு பார்த்தோம். ஆய்து, போச்சு. ஸ்கேன் பண்ணின அன்னைக்கு அந்த முடிச்சை அவிழ்த்திருந்தா முத்து முத்தா தெரிஞ்சிருக்கும்.

மறுநாள் காலையில ஆறு மணிக்கு மேபல் கனகம் போயிட்டாங்க. பத்து மணிக்கு கமிட்டி அவசரமா கூடிச்சு. மேடம் பக்கத்தைக் கண்ணாடித் தாள்ல வெச்சு எடுத்துக்கினு போனாங்க, நான் பின்னால. சொர்ணம் வாசல்ல நின்னா. அவளை உள்ள விடல, ஏன்னா ரூல்படி சாட்சியே கிடையாதாம். அன்னைக்கு அந்தப் பக்கத்தை எழுதின ஐயரும் மூப்பருங்களும் உயிரோட இல்ல.

மேடம் எல்லாத்தையும் சொன்னாங்க. நாடா கட்டினது, ஸ்கேன் பண்ண விடாதது, மழை, எதையும் மறைக்கல. கமிட்டி ஆளுங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. டிரேவர் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். நல்லவராட்டம் பெருமூச்சு விட்டார்.

"மேடம், மேல இருக்கறது தெளிவா இருக்கு. கீழ ஏதோ எழுதியிருக்காங்கன்னு நானும் ஒத்துக்கறேன். அது சேர்த்துக்கினதுன்னே இருக்கலாம். சேர்க்க மாட்டோம்னும் இருக்கலாமே? நீங்க இந்தப் புத்தகத்தோட முப்பது வருஷம் இருந்தவங்க. நீங்க கட்டறதுக்கு முன்னால கீழ இருக்கறதைக் கண்ணால படிச்சிருந்தா, படிச்சேன்னு சொல்லுங்க. உங்க வார்த்தையை நான் ரெக்கார்டா எடுத்துக்கறேன். இப்பவே கல்லறையைத் திறக்கச் சொல்றேன்."

அந்த ஆளை நான் எவ்வளவோ திட்டியிருக்கேன். ஆனா அந்த நிமிஷம் அவர் கதவைத் திறந்துதான் வெச்சார். ஒரே ஒரு வார்த்தை. படிச்சேன். அவ்வளவுதான்.

மேடம் மேஜையைப் பார்த்தாங்க, அந்த நீலக் கறையைப் பார்த்தாங்க. நான் பின்னால நின்னு மனசுக்குள்ள கத்தறேன், சொல்லுங்க மேடம், சொல்லித் தொலைங்க! பொய்யா இருந்தா என்ன, உண்மையில நடந்ததுதானே அது! அந்தப் பொம்பளை அங்க ஐஸ் பெட்டியில கிடக்கறா!

"இல்ல"ன்னாங்க மேடம். "மேல மூணு வரி படிச்சேன். அசிங்கமா இருந்துச்சு. கட்டிட்டேன். கீழ படிக்கல."

டிரேவர் மெதுவா, "அப்போ என் கையில ஒண்ணும் இல்ல மேடம். ரூல் நீங்க எழுதிக் குடுத்ததுதான்"னு முடிச்சிட்டார்.

சொர்ணத்துக்கிட்ட மேடமே போய்ச் சொன்னாங்க. "நான் படிக்கல, அதனால படிச்சேன்னு சொல்ல முடியல. என்னை மன்னிச்சிடும்மா." சொர்ணம் அவங்க முகத்தையே பார்த்தா. "அன்னைக்குப் படிச்சிருக்கலாமே மேடம். இன்னும் நாலு வரிதானே"ன்னா. ஆட்டோ பிடிச்சுப் போயிட்டா.

வேற சபைங்கள்லயும் கேட்டுப் பார்த்தா, எல்லாரும் லிஸ்ட்டுதான் கேட்டாங்க. வெயிலு வேற. ரெண்டாம் நாள் சாயந்திரம் மேபல் கனகத்தைக் கரண்ட் சுடுகாட்டுல வெச்சாங்க. எரிச்சிடாதேன்னு கேட்ட பொம்பளையை. நானும் மேடமும் போனோம். மேடம் கேட் பக்கத்துல வேலி ஓரமா நின்னாங்க, உள்ள வரல. ஷட்டர் இறங்கற சத்தம் கேட்டதும் வேலிக் கம்பியைப் பிடிச்சிக்கினாங்க.

வர்ற வழியில நான் பொறுக்க மாட்டாம கேட்டுட்டேன். "ஒரு பொய் மேடம்! எவனுக்கு நஷ்டம்? உங்க சாமி கோவிச்சிக்குமா?"

"டூப் லெட்டர் கொண்டு வந்தவனை அன்னைக்கு நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? எனக்கு மட்டும் வேற நியாயமா?"

"நியாயத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க"ன்னு கத்திட்டேன். அப்படி அவங்களை நான் அதுக்கு முன்னால பேசினதே கிடையாது. அவங்க கோவிச்சிக்கல. "நீங்க சொல்றதும் சரிதான்"னாங்க. அதுதான் எனக்கு இன்னும் பேஜாராயிடுச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க ஐயர்கிட்ட போய், நான் பழைய முறைப்படி சபை முன்னால நிக்கணும், என் பேரை ஒழுங்குப் புத்தகத்துல எழுதணும்னு கேட்டிருக்காங்க. ஐயர் சின்ன வயசு. பயந்துட்டார். "அக்கா, அந்தப் புத்தகமெல்லாம் இப்ப யாரும் எழுதறது இல்லையே. வீட்டுல ஜெபம் பண்ணிக்கங்க"ன்னு அனுப்பி வெச்சார்.

அப்புறம் எட்டு மாசம்தான் இருந்தாங்க. வேலைக்கு வந்தாங்க, போனாங்க. ஒட்டின பக்கங்களை ஒவ்வொண்ணா பிரிச்சு, எது படிக்க முடியுதோ அதை முழுசா, கடைசி வரி வரைக்கும் காப்பி எடுத்தாங்க. இன்னும் பதினோரு பக்கத்துல கீழ நீலக் கறை இருந்துச்சு. அது யார் யாரோ, அவங்க பிள்ளைங்க எங்க இருக்காங்களோ. நவம்பர்ல ஒரு நாள் மேஜையிலயே சாய்ஞ்சுட்டாங்க. அவங்க அம்மா அப்பா கல்லறையைத் திறந்து வெச்சோம். அவங்க ஞானஸ்நானம், திடப்படுத்தல், மெம்பர் நம்பர் எல்லாம் சரியா இருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல பேப்பர் ஆயிடுச்சு.

மேஜை டிராயரைக் காலி பண்ணும்போது ஒரு புது ரிஜிஸ்டர் கிடைச்சது. நீளமான அட்டை நோட்டு. அவங்க கையாலயே கோடு போட்டிருந்தாங்க. பேரு, குற்றம், தீர்மானம், திரும்பச் சேர்த்த நாள். முதல் பக்கத்துல ஒரே ஒரு பேரு, அவங்க பேரு. குற்றம்ங்கற இடத்துல, "ஒரு பக்கத்தை முழுவதும் வாசியாமல் கட்டினாள். அதனால் மேபல் கனகம் தன் தகப்பன் அண்டையில் அடக்கம் பண்ணப்படவில்லை." தீர்மானம்ங்கற இடத்துல, "விலக்கப்பட்டாள்." கடைசிக் கட்டம் காலி.

எனக்கு அழுகை பொத்துக்கினு வந்துச்சு. அடிப் பாவி மனுஷின்னு அந்த நோட்டைக் கட்டிப் பிடிச்சிக்கினேன். டிரேவர்கிட்ட குடுக்கத் தோணல. ஒரு பைக்குள்ள போட்டுக்கினு நேரா மர்பி டவுனுக்குப் போனேன். அந்தக் காலிக் கட்டத்துல எழுதற அதிகாரம் இருக்கற ஆளு ஊருலயே ஒருத்திதான்.

சொர்ணம் வாசல்லயே உட்கார வெச்சு காபி குடுத்தா. நோட்டைத் திறந்து வெச்சேன். படிச்சா. கடைசி வரி வரைக்கும் படிச்சா, ரெண்டு தடவை.

"செத்துப் போயிட்டாங்கம்மா. உனக்கு மனசு இருந்தா, அந்தக் கட்டத்துல ஒரு தேதி மட்டும் எழுதும்மா"ன்னு பேனாவை நீட்டினேன்.

பேனாவை வாங்கினா. உள்ள சுவத்துல அவங்கம்மா படம், மாலை போட்டு. அதைப் பார்த்தா. பேனாவை மூடி என் பக்கம் வெச்சா.

"முடியலண்ணா. எங்கம்மாவுக்கு எழுதினது கரைஞ்சு போச்சு. இவங்களுக்கு நான் எழுதினா மட்டும் நிக்கணுமா?"

அவ வாசல்ல உட்கார்ந்துக்கினு அவளைத் தப்புன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. நோட்டை மூடினேன். யாராவது கண்டவன் திறந்து படிச்சு மேடம் பேரைச் சந்தி சிரிக்க வைக்கப் போறான்னு நினைப்பு. பையில கை விட்டேன். டிராயர்ல இருந்து நோட்டோட சேர்த்து அள்ளிப் போட்ட மிச்ச வெள்ளை நாடா அதுல கிடந்துச்சு. மேடம்கூட இருபத்தஞ்சு வருஷம் இருந்த பழக்கம், கை தானா நோட்டைச் சுத்திக் கட்ட ஆரம்பிச்சது.

சொர்ணம் என் கையைப் பிடிச்சிட்டா.

"கட்டாதீங்கண்ணா"ன்னா. "அது திறந்தே இருக்கட்டும்."